முதுகுக்கு முன்கூட்டியே தெரியும்

முதலில் ஒரு சின்னப் பரிசோதனை. செலவில்லாதது. ஆபீஸில் இருந்தால் பக்கத்து சீட்காரர் டீ குடிக்கப் போகும்வரை பொறுத்திருக்கவும்.

எழுந்து நில்லுங்கள். கைகளைத் தொங்கவிடுங்கள். வலது கையைச் சட்டென்று முன்பக்கமாகத் தோள் உயரத்துக்குத் தூக்குங்கள். (மேனேஜர் பார்த்துவிட்டால் அப்படியே இன்னொரு கையையும் சேர்த்து ஒரு வணக்கம் போட்டுச் சமாளிக்கலாம்.)

இப்போது கேள்வி. முதலில் வேலை செய்த தசை எது?

"இதென்ன சார் கேள்வி, தோள்தான்" என்பீர்கள். இல்லை. தோளுக்கு முன்னாலேயே தொடையின் பின்பக்கத் தசை இறுகிவிட்டது. முதுகும் வயிறும்கூடத் தயாராகிவிட்டன. கல்யாணத்தில் மாப்பிள்ளை வந்து இறங்குவதற்குள் பந்தக்கால் நட்டு, வாழைமரம் கட்டி, சேர் போட்டு முடித்திருக்கும் தாய்மாமன் மாதிரி. போட்டோவில் மாப்பிள்ளைதான் இருப்பார். தாய்மாமனை யாரும் கவனிப்பதில்லை.

இதை 1967-ல் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் மாஸ்கோக்காரர்கள். பெலென்கி, குர்ஃபின்கெல், பால்ட்செவ் என்று மூன்று பேர். ஆட்களை நிற்கவைத்து, தசைகளின் மேல் மின்வாய்களை ஒட்டி, 'கையைத் தூக்கு' என்றார்கள். தசை இறுகும்போது மெல்லிய மின்சாரம் எழும். அதைப் பதிவு செய்து பார்த்தால் காலின் சிக்னல் முதலில் வருகிறது, தோளின் சிக்னல் அப்புறம். சில மில்லி செகண்ட் வித்தியாசம்தான். ஒரு மில்லி செகண்ட் என்பது செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் வரிசை மாறவில்லை.

ஏன் இந்த முன்ஜாக்கிரதை? உங்கள் ஒரு கை உடம்பு எடையில் சுமார் 5 சதவீதம். எழுபது கிலோ ஆசாமிக்கு மூன்றரை கிலோ. அதை வேகமாக முன்னால் வீசினால் உடம்பின் பாரமும் முன்னால் நகரும், நியூட்டன் சொன்னபடி எதிர்த் தள்ளலும் இருக்கும். தள்ளாடிய பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று இருந்தால் முடியாது. செய்தி நரம்பு வழியே போய், மூளை யோசித்து, உத்தரவு திரும்பி வர 150, 200 மில்லி செகண்ட் ஆகிவிடும். ஃபைல் மேலே போய்க் கையெழுத்தாகி வருவதற்குள் ஆள் சாய்ந்திருப்பார். ஆகவே மூளை காத்திருப்பதில்லை. என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, நடுவுடம்புக்கு முதலில் தந்தி அடித்துவிட்டுத்தான் கைக்கு உத்தரவு கொடுக்கிறது.

இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும்? பாரிஸில் பாபின்ஸ்கி என்ற நரம்பியல் டாக்டர் 1899-லேயே பார்த்துவிட்டார். சிறுமூளை கெட்டுப்போன நோயாளியைப் 'பின்னால் வளையுங்கள்' என்றால், நாமெல்லாம் நம்மை அறியாமல் முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டு வளைவோம். அவர் மடக்கவில்லை. அப்படியே பின்னால் சாய்ந்தார். பலம் இருந்தது. ஆனால் நடுவுடம்பும் காலும் ஒன்றையொன்று கலந்து ஆலோசிக்கவில்லை. தப்பு பலத்தில் இல்லை, ஒத்திசைவில்!

இங்கேதான் நம் விஷயம் வருகிறது. முதுகு பிடித்துக்கொண்டால் நாம் உடனே சொல்வது, "முதுகுல பலமே இல்ல சார்." பலம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் முதுகை நிறுத்தி வைப்பது பலத்தைவிட அதிகமாக, டைமிங்.

நம்பிக்கை வரவில்லையா? முதுகெலும்பைத் தசையில்லாமல், எலும்பும் ஜவ்வும் மட்டுமாக நிறுத்தி வைத்து மேலே பாரம் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். அடியில் மட்டும் கெட்டியாகப் பிடித்த முழு நீள முதுகுத் தூண் சுமார் இரண்டு கிலோவுக்கே வளைந்து ஒடிகிறது என்று 1961-ல் லூகாஸும் பிரஸ்லரும் கணக்குச் சொன்னார்கள். இடுப்புப் பகுதியை மட்டும் வைத்துச் செய்தபோது சுமார் ஒன்பது கிலோ தாங்கியது. அவ்வளவுதான்! உங்கள் தலையே நாலைந்து கிலோ. அப்புறம் லேப்டாப் பை, டிபன் பாக்ஸ், வீட்டு லோன்...

திருவிழாவுக்கு நடும் உயரமான சவுக்குக் கம்பத்தைப் பார்த்திருப்பீர்கள். கம்பம் தானாக நிற்பதில்லை. நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டியிருப்பார்கள். நம் முதுகெலும்பும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், நம் கம்பம் குனியும், திரும்பும், பஸ் ஏறும், மூட்டை தூக்கும். ஒவ்வொரு தடவையும் எந்தக் கயிற்றைத் தளர்த்துவது, எதை இறுக்குவது என்று பார்த்துக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும். எலும்பும் ஜவ்வும் ஒன்று, தசை இரண்டு, இரண்டையும் மேய்க்கும் நரம்பு மூன்று, மூன்றும் சேர்ந்தால்தான் முதுகு என்று 1992-ல் எழுதினார் மனோகர் பஞ்சாபி. இந்தியாவிலிருந்து போய், அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பைக் கணக்குப் போட்டவர். டாக்டர் அல்ல, எஞ்சினியர்.

கயிற்றை எவ்வளவு இறுக்க வேண்டும்? ரொம்ப இல்லை. சும்மா நேராக நிற்கும்போது முன்பக்கத் தசையும் பின்பக்கத் தசையும் எதிரும் புதிருமாக இழுத்துப் பிடிப்பது, அவற்றின் முழு பலத்தில் இரண்டு மூன்று சதவீதம்தான். நாள் முழுக்க வயிற்றை எக்கிக்கொண்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிகிறவர்கள் கவனிக்கவும். கரண்ட் பில் தேவையில்லாமல் ஏறுகிறது.

சரி, நிற்பது ஒரு நிலை. உட்கார்வது, குனிவது, சாய்வது, படுப்பது? ஒவ்வொன்றுக்கும் மூளையில் தனித்தனி டியூட்டி சார்ட் இருக்கிறது.

குனிவதை எடுத்துக்கொள்ளுங்கள். குனிய ஆரம்பித்ததும் முதுகுத் தசைகள் பாரத்தைத் தாங்கி மெதுவாக இறக்குகின்றன. முழுக்கக் குனிந்து முடித்ததும் ஒரு வேடிக்கை. தசைகள் திடீரென்று மௌனமாகிவிடுகின்றன. பாரத்தை ஜவ்வுகளிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வு! பிரிட்டனில் ஃப்ளாயிட், சில்வர் என்ற இருவர் 1950-களில் இதைப் பதிவு செய்தார்கள். நாள்பட்ட முதுகு வலிக்காரர்களில் பலருக்கு இந்த ஓய்வு வருவதில்லை. அவர்கள் தசை குனிந்த நிலையிலும் டியூட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ரிடையர் ஆன பிறகும் ஆபீஸுக்கு வந்து உட்காரும் ஹெட் கிளார்க் மாதிரி.

சாய்ந்துகொண்டால்? 1982-ல் கார்டோ, நாஷ்னர் என்ற இருவர், நிற்கிறவரை ஒரு கைப்பிடியை இழுக்கச் சொன்னார்கள். சும்மா நின்று இழுக்கும்போது காலுக்கு முன்-உத்தரவு போயிற்று. மார்பைச் சாய்த்துக்கொள்ள ஒரு தாங்கல் கொடுத்தார்கள். உடனே காலுக்குப் போகும் உத்தரவு குறைந்துவிட்டது. தேவையில்லாத இடத்துக்கு ஆள் அனுப்புவதில்லை. அரசாங்கம் கற்றுக்கொள்ள வேண்டிய நிர்வாகம்.

இதை நீங்கள் தினம் பஸ்ஸில் பார்க்கிறீர்கள். கம்பியைப் பிடித்தால் விழாமல் காக்கும் வேலையைக் கை ஏற்றுக்கொள்கிறது. மொபைல் பார்ப்பதற்காகக் கம்பியை விட்டால் காலும் இடுப்பும் ஏற்றுக்கொள்ள வேண்டும். கண்டக்டரைப் பாருங்கள். எதையும் பிடிக்காமல், ஒரு கையில் டிக்கெட், ஒரு கையில் சில்லறை, 'உள்ள போ, உள்ள போ' என்று வாயில் வசனம். அவர் உடம்புக்கு அந்த ரூட்டில் எங்கே வேகத்தடை, எங்கே வளைவு என்று மனப்பாடம். உங்கள் உடம்புக்குப் பள்ளம் வந்த பிறகுதான் தெரியும்.

இன்னொரு சாட்சி. பைக்கில் பிரேக் போட்டால் பின்னால் இருப்பவர் ஹெல்மெட், ஓட்டுகிறவர் ஹெல்மெட்டில் 'டொக்' என்று இடிக்கிறது. பிரேக் போடப்போவது ஓட்டுகிறவர் மூளைக்குத் தெரியும். அது விரலுக்கு உத்தரவு போடும்போதே முதுகுக்கும் கழுத்துக்கும் ஒரு காப்பி அனுப்பிவிடும். பின்சீட்காரருக்கு அந்தக் காப்பி வருவதில்லை. மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை.

வீட்டிலும் செய்து பார்க்கலாம். இடது உள்ளங்கையை விரித்துத் தடித்த புத்தகம் ஒன்றை வையுங்கள். உங்கள் வலது கையாலேயே அதை எடுங்கள். இடது கை அசையாது. இப்போது கண்ணை மூடிக்கொண்டு, தம்பியையோ மனைவியையோ எடுக்கச் சொல்லுங்கள். இடது கை மேலே துள்ளும். அதே புத்தகம், அதே கை. முதல் தடவை மூளைக்கு நேரம் தெரியும், இரண்டாவது தடவை தெரியாது. ஹூகோன், மாசியோன், வீசென்டாங்கர் என்ற மூவர் 1982-ல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். பெரிய டிரேயிலிருந்து ஒவ்வொரு கிளாஸாக எடுத்துவைக்கும் சர்வர் இந்த வித்தையில்தான் பிழைக்கிறார். நீங்கள் உதவி செய்கிறேன் என்று டிரேயிலிருந்து நீங்களே ஒன்றை எடுத்தால் உங்கள் சட்டை காபி குடிக்கும்.

இனி வலிக்கு வருவோம். உலகத்தில் இது சின்னக் கூட்டம் இல்லை. 2020-ல் கீழ்முதுகு வலியோடு இருந்தவர்கள் 61.9 கோடி என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனில் ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996-ல் மாஸ்கோ பரிசோதனையை இடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். வயிற்றின் அடி ஆழத்தில், அரைஞாண் கயிற்றை அகலமாக்கியது போல் குறுக்கே சுற்றி வரும் ஒரு தசை உண்டு. டிரான்ஸ்வர்சஸ் அப்டாமினிஸ் என்று பெயர். (பெயரைச் சொல்வதற்குள் அது இரண்டு தடவை இறுகிவிடும்.) வலியில்லாத 15 பேர், வலி வந்து வந்து போகும் 15 பேர். கையைத் தூக்கச் சொன்னால், முதல் கூட்டத்தில் இந்தத் தசை தோளை முந்திக்கொண்டு இறுகியது. இரண்டாவது கூட்டத்தில் தாமதம். தசை இருக்கிறது, ஆனால் லேட் அட்டெண்டன்ஸ்!

உடனே உலகம் முழுக்க ஜிம்மில் 'கோர், கோர்' என்று ஒரே கோரஸ். அந்த ஒரு தசையைத் தேடிப் பிடித்து எக்கவைத்தால் வலி போய்விடும் என்றார்கள். அப்புறம் என்ன ஆயிற்று? அந்தத் தசை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறுகும் பெல்ட் அல்ல, எந்தக் கை, எந்தத் திசை என்பதைப் பார்த்து இடமும் வலமும் வேறுவேறாக வேலை செய்கிறது என்று 2008-ல் ஓர் ஆய்வு வந்தது. நாள்பட்ட வலிக்கு இந்த விசேஷப் பயிற்சி மற்ற உடற்பயிற்சிகளைவிடப் பெரிதாக உசத்தி இல்லை என்று 2016-ல் காக்ரேன் நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. அதாவது பயிற்சி நல்லது. எதைச் செய்தாலும் நல்லது. ஒற்றைத் தசைக்குக் கோயில் கட்ட வேண்டாம். ஓர் ஆள் பாட்டை வைத்துக் கச்சேரி நடப்பதில்லை.

சரி, தாமதத்தால் வலியா, வலியால் தாமதமா? 2003-ல் வலியே இல்லாதவர்களின் முதுகுத் தசையில் உப்புக் கரைசலை ஊசியில் ஏற்றித் தற்காலிக வலி உண்டாக்கிப் பார்த்தார்கள். டியூட்டி சார்ட் மாறிவிட்டது. ஆழத்துத் தசை லேட். 2004-ல் இன்னும் ஒரு படி மேலே. வலி இல்லை, ஆனால் இப்போது வலிக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பு மட்டும். அப்போதும் உத்தரவு மாறியது!

இதை நிதானமாக இன்னொரு தடவை படிக்கலாம். பயமே முதுகின் டைமிங்கை மாற்றுகிறது.

2006-ல் வந்ததுதான் என்னை உட்காரவைத்து யோசிக்கவைத்தது. வலி நின்ற பிறகு என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். பெரும்பாலானவர்கள் பழைய ஒழுங்குக்குத் திரும்பிவிட்டார்கள். சிலர் மட்டும் திரும்பவில்லை. வலி போய்விட்டது, அவசரநிலைப் பிரகடனம் வாபஸ் ஆகவில்லை. அவர்களிடம் ஒரு பொது அம்சம்: அவர்கள் முதுகு ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் பதில் சொன்னது. மற்றவர்கள் முதுகு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு மாதிரி முயன்று பார்த்தது. பலவிதமாக அசையத் தெரிந்த முதுகு தப்பிக்கிறது. ஒரே விதமாக விறைத்துக்கொள்ளும் முதுகு மாட்டிக்கொள்கிறது.

ஆகவே "இனிமே குனியவே மாட்டேன் சார்" என்று பெல்ட் போட்டு, ரோபோ மாதிரி நடக்கும் நண்பரிடம் அன்பாகச் சொல்லுங்கள். அவர் முதுகைக் காப்பாற்றுவதாக நினைத்து, அதற்குத் தெரிந்த வித்தைகளை ஒவ்வொன்றாக மறக்கவைக்கிறார்.

"அப்போ எப்படி உட்காரணும், அதைச் சொல்லுங்க" என்பது உங்கள் அடுத்த கேள்வி. பள்ளிக்கூட வாத்தியார் சொன்ன 'நேரா உட்காரு' எவ்வளவு சரி? 1999-ல் ஜெர்மனியில் வில்கே குழுவினர் ஒரு தன்னார்வலரின் இடுப்பு டிஸ்க்குக்குள்ளேயே கருவி வைத்து அழுத்தத்தை அளந்தார்கள். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல். சாயாமல் உட்கார்ந்தால் 0.46. நாற்காலியில் சரிந்து, முதுகைச் சாய்த்து, 'ஹாயாக' உட்கார்ந்தால் 0.3 தான்! இருபது கிலோவை முதுகை வளைத்துத் தூக்கினால் 2.3. உடம்பை ஒட்டிப் பிடித்தால் 1.1 ஆகக் குறைந்தது. ஒரே ஒருவரிடம் எடுத்த அளவு என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் சரிந்து உட்கார்வது பாவம் இல்லை என்று தெரிகிறது.

எது பாவம்? ஒரே நிலையில் நெடுநேரம் கிடப்பது. முழுக்கக் குனிந்து இருபது நிமிடம் இருந்தால் ஜவ்வுகள் தொய்கின்றன. எழுந்து இரண்டு நிமிடம் ஆனாலும் பாதி விறைப்புதான் திரும்புகிறது என்றார்கள் மெக்கில்லும் பிரவுனும், 1992-ல். 2010-ல் வேறொரு குழு, ஒரு மணி நேரம் கூனி உட்கார்ந்தவர்களின் முதுகுத் தசை திடீர் பாரத்துக்கு எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கிறது என்று அளந்தது. உட்காருவதற்கு முன் சராசரி 60 மில்லி செகண்ட். உட்கார்ந்த பின் 96. தசை களைத்ததால் அல்ல. ஜவ்வு தொய்ந்ததால் அதற்குள் இருக்கும் நரம்பின் ஒற்றர்கள் தாமதமாகச் செய்தி சொல்கிறார்கள்.

இப்போது ஆபீஸைக் கண்முன் கொண்டுவாருங்கள். இரண்டு மணி நேரம் எக்செல் ஷீட்டில் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். "தம்பி, அந்தத் தண்ணி கேனைக் கொஞ்சம் மாத்திடுப்பா." வீரமாக எழுந்து, நேரே போய், இருபது லிட்டரை ஒரே மூச்சில்... 'படக்'. பழி தண்ணீர் கேன் மேல். உண்மைக் குற்றவாளி அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம்.

கை வைத்தியமாக மூன்று விஷயம். ஒன்று, நெடுநேரம் உட்கார்ந்து எழுந்ததும் பாரம் தூக்காதீர்கள். சில நிமிடம் நடங்கள், இரண்டு பேரிடம் வம்பு பேசுங்கள், பிறகு தூக்குங்கள். இரண்டு, மாடி ஏறி மூச்சு இரைக்கும்போது தூக்காதீர்கள். மூச்சுக்கான உதரவிதானமும் முதுகைத் தாங்கும் டீமில் ஓர் உறுப்பினர். மூச்சு அதிகம் தேவைப்படும்போது அது தாங்கும் வேலையைக் குறைத்துக்கொள்கிறது என்று 2001-ல் அளந்து காட்டியிருக்கிறார்கள். மூன்று, இரண்டு பேராகப் பீரோ நகர்த்தும்போது வாயைத் திறந்து சொல்லுங்கள். "ரெடியா? ஒன், டூ, த்ரீ." கூடச் சேர்ந்து தூக்குகிறவரின் முதுகுக்கு அந்த மூன்று வார்த்தைதான் முன்-உத்தரவு. படகு தள்ளியவர்கள் 'ஐலசா' என்று கூவியது பொழுதுபோக்குக்கு மட்டும் அல்ல.

ஒரு எச்சரிக்கையும் உண்டு, இதில் ஜோக் கிடையாது. வலியோடு காலில் பலம் குறைவது, மர்ம உறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது அல்லது வராமல் நிற்பது, காய்ச்சல், அடிபட்ட பிறகு வரும் கடும் வலி, இதில் எது இருந்தாலும் பத்திரிகை படிக்காமல் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

மற்றவர்கள் நிதானமாக அடுத்த பக்கத்துக்குப் போகலாம். அதற்குக் கையைத் தூக்க நினைக்கிறீர்கள், இல்லையா? நின்றுகொண்டா, உட்கார்ந்தா, படுத்துக்கொண்டா என்று பார்த்து, அதற்கேற்ற உத்தரவு முதுகுக்கு ஏற்கெனவே போய்விட்டது.